மாநிலங்களவையில் அண்ணா

திராவிட முன்னேற்றக் கழகத்தை 1949 இல் தோற்றுவித்த அறிஞர் அண்ணா, 1962 ஆம் ஆண்டுத் தேர்தலில் தாம் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தோல்வியுற்றார். அத்தோல்வியே அவரைத் தில்லிக்கு அழைத்துச் சென்றது எனலாம். அவ்வாண்டே மாநிலங்களவை உறுப்பினரான அவர், தம் முதல் உரையிலேயே திராவிட நாட்டிற்குத் தன்னுரிமை கோரினார். குறுக்கீடுகள் பல எழுந்தன.

சில திங்களில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்த அண்ணா, 1963 இல் அதனைக் கைவிட்டார். கட்சியின் அடிப்படைக் கொள்கையைத் தாமே விடுத்தல் எளிதன்று. ஆயினும் அக்கோரிக்கை எழுந்ததற்கான காரணங்கள் அப்படியே உள்ளன என்றார்.

அவ்வாண்டு வந்த ஆட்சிமொழி மசோதா, 1965 க்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. ‘தொடரலாம்’ என்பது ஆள்வோரின் விருப்பத்தைப் பொறுத்தது. ‘தொடரும்’ என்பதோ சட்டம் தரும் உறுதி. இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். இந்த ஒரு சொல்லுக்காக அவர் வாதாடினார். பிரதமர் நேருவின் வாய்மொழி உறுதியைச் சட்டத்தில் எழுதுமாறு வேண்டினார். அரசு இணங்கவில்லை.

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட, வங்காளத்தைச் சேர்ந்த பூபேஷ் குப்தா கொணர்ந்த மசோதாவையும் அண்ணா ஆதரித்தார். பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று வினவியோர்க்கு, மாநிலங்களவைக்கு ராஜ்யசபா எனப் பெயர் சூட்டியதால் விளைந்த பயனே என விடையிறுத்தார். அம்மசோதாவும் தோற்றது.

1967 இல் அவர் முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலை 18 இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இருபதாம் நாள், பிப்ரவரி 3 இல், அண்ணா மறைந்தார்.