முகாமில் தேறிய தச்சர்

முகாம் வாழ்வு எத்தகையது என்பதைச் சிலாவத்துறைத் தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய முகாமொன்றில் தச்சுத்தொழில் தேறிய ஜோர்ஜ் நகாஷிமாவை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

ஜப்பானியப் பெற்றோருக்கு 1905இல் அமெரிக்காவில் பிறந்த இவர் ஒரு கட்டடக் கலைஞர். 1937இல் பாண்டிச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வை செய்தார். அதன் அறைகளுக்குத் தேக்குத் தளபாடங்களையும் வடிவமைத்தார். சுந்தரானந்தா என்ற பெயர் அங்கு கிடைத்ததே.

ஜப்பானுடன் போர் மூண்டதும் அமெரிக்கா, தனது பிரஜைகள் என்றும் பாராது, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முட்கம்பி வேலிக்குள் அடைத்தது. 1942இல் நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோவிலுள்ள மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த ஜென்தாரோ ஹிகோகாவா என்னும் தச்சரிடம் ஜப்பானியக் கருவிகளையும் மரம் பொருத்தும் முறையையும் கற்றார். கழிவுப் பலகையும் பாலைநிலப் புதருமே மூலப்பொருள்.

1943இல் வெளிவந்தவர் பின்னர் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார். இன்று பெரும் விலைக்கு ஏலம் போகும் அவரது கோப்பி மேசைகளில் மரத்தின் இயல்பான விளிம்பு சீவப்படுவதில்லை. வெடிப்பும் மறைக்கப்படுவதில்லை, வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டு பதித்து, மேலும் பிளவாமல் அது பிணைக்கப்படும். பிற தச்சர்கள் விறகுக்கு ஒதுக்கும் பலகை அவரிடம் மேசையாயிற்று.

1988இல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்தோருக்குத் தலா 20,000 டொலர் இழப்பீடு அறிவித்தது. 46 ஆண்டுத் தாமதம்! நகாஷிமா 1990 ஜூனில் காலமானார். முதற் காசோலைகள் வழங்கப்பட்டது அவ்வாண்டு ஒக்டோபரில். அதே மாதத்தில்தான் சிலாவத்துறை உள்ளிட்ட வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்.