அம்மாவின் கண்ணுக்காக டாக்டர் ஆனவர்!

பிலிப்பைன்ஸ் மக்கள் தேசநாயகனாகக் கொண்டாடும் ஹோசே ரிசால், உலகமறிந்த நாவலாசிரியர், கவிஞர். ஆனால், தொழிலால் அவர் ஒரு கண் டாக்டர். அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அம்மா.

ரிசால் 1861-ல் கலம்பா என்ற ஊரில் பிறந்தார். எழுத்தும் கவிதையும் சொல்லிக்கொடுத்தது அம்மா தியோடோராதான். அப்போது அங்கே ஸ்பெயின் ஆட்சி. ரிசால் சின்னப் பையனாக இருக்கும்போது, பொய் வழக்கு போட்டு அம்மாவைச் சிறைக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். இரண்டு வருடங்களுக்கு மேல் சிறை. பையன் அதை மறக்கவே இல்லை.

பிறகு அம்மாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. மாட்ரிட்டில் மருத்துவம் படித்த ரிசால், பாரிஸுக்கும் ஹைடல்பெர்குக்கும் போய் கண் சிகிச்சை கற்றுக்கொண்டார். கூடவே நாவலும் எழுதினார். பாதிரிமார்களின் அதிகாரத்தையும் ஆட்சியின் அநியாயத்தையும் தோலுரித்த 'நோலி மே டாங்கரே' 1887-ல் பெர்லினில் அச்சானது. கையில் காசு ஏது? நண்பர் மாக்ஸிமோ வயோலா கொடுத்து உதவ, 2,000 பிரதிகள் வந்தன.

அதே வருடம் ஊர் திரும்பியவரை, ஜனங்கள் 'ஜெர்மன் டாக்டர்' என்று தேடி வந்தார்கள். ஆட்சியாளர்களோ நாவலைத் தடை செய்தார்கள். மிரட்டல்கள் அதிகமாக, மறுபடியும் வெளிநாடு. 1891-ல் இரண்டாவது நாவல். 1892-ல் திரும்பி வந்ததும் கைதுசெய்து, தெற்கே டபிடான் என்ற சிற்றூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே சும்மா இருந்தாரா? பள்ளி நடத்தினார், ஊருக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார், ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார். அம்மாவும் வந்து சேர, தன் கையாலேயே அவருக்குக் கண் ஆபரேஷன் செய்தார். அம்மாவோ மகன் பேச்சைக் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட, கண் வீங்கிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று மச்சானுக்குக் கடிதத்தில் புலம்பியிருக்கிறார் ரிசால்!

1896-ல் கியூபா போர்முனையில் டாக்டராகப் பணியாற்ற அனுமதி வாங்கிக் கப்பல் ஏறினார். அதற்குள் பிலிப்பைன்ஸில் புரட்சி வெடித்தது. ரிசால் அதில் சேரவில்லை. ஆனாலும் வழியிலேயே கைதுசெய்து திருப்பிக் கொண்டுவந்தார்கள். மரண தண்டனை.

கடைசியாகப் பார்க்க வந்த தங்கை த்ரினிதாதிடம், காவலர்களுக்குப் புரியாதபடி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். சிறையில் அவர் வைத்திருந்த சிறிய ஸ்பிரிட் அடுப்புக்குள் ஏதோ இருக்கிறது என்று!

டிசம்பர் 30 காலை, மணிலாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அடுப்புக்குள் இருந்தது ஒரு கவிதை. தலைப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தாய்நாட்டிடமும் பெற்றோரிடமும் விடைபெறும் அந்த வரிகளை, பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.