செவிலியர் கல்விக்கு அடித்தளமிட்ட ராஜகுமாரி

புதுதில்லி: தெற்கு தில்லியின் லஜபத் நகரில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கிவரும் செவிலியர் கல்லூரிக்கு, சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதாரத் துறை அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் செவிலியர் அல்லர், மருத்துவரும் அல்லர். ஆயினும் இந்நாட்டில் செவிலியர் பணி ஒரு கல்வித் துறையாக உருப்பெற்றதில் அவருக்குள்ள பங்கு பெரிது.

கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவருமான ராஜா ஹர்நாம் சிங்கின் மகளாக லக்னௌவில் பிறந்தார் அம்ருத் கௌர். பள்ளிக் கல்வி இங்கிலாந்தில். தந்தையின் நண்பரான கோபாலகிருஷ்ண கோகலேயின் வழியாக அரசியல் ஆர்வம் துளிர்த்தது. 1927-ல் அகில இந்திய மகளிர் மாநாடு தோன்றியபோது அதன் முன்னோடிகளில் ஒருவராக இருந்தார். குழந்தை மணம், பர்தா முறை ஆகியவற்றை எதிர்த்தார். பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்பது அவரது நிலை.

1930-ல் தந்தை மறைந்த பின்னரே விடுதலைப் போராட்டத்தில் முழுமையாக இறங்கினார். காந்தியடிகளின் செயலராகப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் பன்னு நகருக்குச் சென்றதற்காக 1937-ல் ராஜத் துரோகக் குற்றச்சாட்டில் சிறைவாசம். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது மீண்டும் சிறை. பின்னர் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற அவர், 1947-ல் நேரு அமைச்சரவையில் சுகாதாரப் பொறுப்பை ஏற்றார். மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

43 ஆயிரம் பேருக்கு ஒரு செவிலியர்

அவர் பொறுப்பேற்றபோது நாட்டின் நிலை கவலைக்கிடமாக இருந்தது. ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-ல் அளித்த அறிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார். செவிலியரோ 43 ஆயிரம் பேருக்கு ஒருவர். நாடு முழுவதற்கும் சுமார் ஏழாயிரம் செவிலியர்களே இருந்தனர்.

இதற்குப் பணப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. முன்பின் அறியாதவரின் உடலைத் தொடுவதும், கழிவை அகற்றுவதும் தீட்டு எனக் கருதிய சாதியச் சமூகம், தன் வீட்டுப் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கியது. இரவுப் பணி செய்யும் பெண்ணின் ஒழுக்கத்தின் மீதே ஐயம் எழுப்பப்பட்டது. அவளுக்கு வரன் அமைவது அரிதாயிற்று. எனவே கிறிஸ்தவக் குடும்பப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே பெரும்பாலும் இப்பணிக்கு வந்தனர். மருத்துவமனைகளை ஒட்டி நடந்த பயிற்சிப் பள்ளிகளிலோ, மாணவியர் வகுப்பறையைவிட வார்டுகளிலேயே அதிக நேரம் உழைத்தனர். கல்வி என்ற பெயரில் மலிவான உழைப்பு பெறப்பட்டது என்பதே உண்மை.

பட்டமும் பதிவேடும்

இந்நிலையை மாற்றும் முதல் முயற்சி 1946-ல் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தலைநகரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவ்வாண்டு செவிலியர் பட்டப்படிப்புகள் தொடங்கப்பட்டன. தில்லிக் கல்லூரி அம்ருத் கௌர் அமைச்சராவதற்கு முன்பே உருவானது. ஆனால் அதன் தொடக்க ஆண்டுகள் அவரது பொறுப்பின் கீழ்தான் கழிந்தன.

அடுத்த தேவை சட்டம். மாகாணங்கள் தனித்தனியே பதிவேடுகளை வைத்திருந்தன. சென்னை மாகாணம் 1926-லேயே தனக்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் பயிற்சித் தரம் இடத்துக்கு இடம் வேறுபட்டதால், ஓரிடத்தில் பெற்ற தகுதிக்கு வேறிடத்தில் மதிப்புக் கிடைப்பது உறுதியில்லை. 1947 இறுதியில் நிறைவேறிய இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே தரத்துக்கு வழிவகுத்தது. 1950களின் தொடக்கத்தில் கிராமப்புறத் தேவைக்காகத் துணைச் செவிலியர் மருத்துவச்சிப் பயிற்சியும் தொடங்கியது.

இவ்வாறு இருபெரும் பாதைகள் அமைந்தன. பட்டம் பெற்றவர்கள் ஆசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் உயர வேண்டும். குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள் கிராமங்களை அடைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே பட்டயப் படிப்பு முடித்தவர்களே மருத்துவமனை வார்டுகளைத் தாங்கினர். தேவை கருதி அமைந்த இந்த அடுக்குமுறை, காலப்போக்கில் பணியிடத்தில் ஏற்றத்தாழ்வாகவும் மாறியது.

1950-ல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் அம்ருத் கௌர். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும், முதல் ஆசியரும் அவரே. 1956-ல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அச்சட்டம், மருத்துவக் கல்லூரியோடு செவிலியர் கல்லூரி ஒன்றையும் கழகத்தின் பணிகளில் ஒன்றாக வகுத்தது குறிப்பிடத்தக்கது.

அவர் மீது விமர்சனங்களும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டில் நவீனக் கருத்தடைச் சாதனங்களை ஊக்குவிக்க அவர் தயங்கியது நாட்டைப் பின்தங்கச் செய்தது என்பர். பிசிஜி தடுப்பூசி இயக்கத்தை 1955-ல் ராஜாஜி வெளிப்படையாக எதிர்த்தபோதோ, அவர் பின்வாங்கவில்லை. அத்தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகம் சென்னை கிண்டியில் 1948-ல் நிறுவப்பட்டிருந்தது.

எஞ்சிய கடமை

1957-ல் அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகிய அம்ருத் கௌர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1964-ல் மறைந்தார். சிம்லாவில் இருந்த தமது மேனர்வில் இல்லத்தை, மருத்துவ அறிவியல் கழகத்தின் ஊழியர்களும் செவிலியர்களும் விடுமுறையில் தங்கி ஓய்வெடுப்பதற்காக வழங்கினார். செவிலியருக்கு ஓய்வும் தேவை என்பதை அன்றைய ஆட்சியாளர் ஒருவர் எண்ணிப் பார்த்ததே பெரிது.

கல்விக்குப் பாதை அமைத்த மத்திய அரசால் பணியிடத்தைச் சீர்செய்ய முடியவில்லை. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அரசு மருத்துவமனைகளில் ஊதியமும் பணியிட எண்ணிக்கையும் மாநிலங்களின் முடிவுக்கே விடப்பட்டன. பின்னாளில் பெருகிய தனியார் மருத்துவமனைகளிலோ சான்றிதழ்களைப் பிடித்துவைத்தல், ஒப்பந்தப் பத்திரம், அற்ப ஊதியம் ஆகிய கொடுமைகள் தலைதூக்கின. இவற்றை எதிர்த்து 2011-12-ல் தில்லி, மும்பை, கேரளம் எனப் பல இடங்களில் செவிலியர்கள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். உச்சநீதிமன்றம் 2016-ல் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசு ஊதியத்துக்கு இணையாக வழங்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரையைச் செயல்படுத்தும் பொறுப்பு மீண்டும் மாநிலங்களிடமே சென்றது.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. பாடத்திட்டத்தையும் பதிவேட்டையும் அது ஒழுங்குபடுத்தும். ஆனால் ஒரு வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், அவருக்கு என்ன ஊதியம் என்ற கேள்விகளுக்கு விடை காண வேண்டியவர்கள் ஆட்சியாளர்களே. ராஜகுமாரியின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டியவர்களுக்கு அக்கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.