மீனைப் படித்த பாதிரியார்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி மலை நிரம்பி வழியும். பூக்காவடி தோளில் ஏந்தித் தமிழரும் தெலுங்கரும் தோளோடு தோள் உரச 365 படிகளில் ஏறுவர். கும்பிடுவோர் கும்பிடட்டும், நாம் கேட்பது வேறு. கிருத்திகை என்பது என்ன? வானிலே கொத்தாகத் தெரியும் ஆறு விண்மீன்கள். சங்கப் புலவர்கள் அதற்கு இட்ட பெயர் அறுமீன். அந்தத் தமிழ்ச் சொல்லுக்கும், 4,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளியில் புதைந்த முத்திரைகளுக்கும் உறவு இருக்கலாம் என்று எண்ண வழி திறந்தவர், ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஒருவர். அவர்தான் ஹென்றி ஹீராஸ்.

1888 செப்டம்பர் 11இல் பார்சலோனா நகரில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1922இல் பம்பாய் வந்து, புனித சேவியர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானார். 1926இல் அங்கே இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டே, விசயநகரத்தின் கடைசி மரபான ஆரவீட்டு மன்னர்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார். திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்திரகிரியும் இந்தப் பக்கம் இருக்கும் வேலூரும் அம்மன்னர்களின் தலைநகர்கள். கடல் கடந்து வந்தவர், நம் மண்ணின் வரலாற்றைத் தோண்டித் துருவினார்.

இதற்கிடையே, 1924 செப்டம்பர் 20இல் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்திருந்தார். சிறுசிறு முத்திரைகள், அவற்றில் காளை, யானை, புலி, மேலே ஒரு வரி எழுத்து. என்ன மொழி? எவரும் அறியார். அந்தப் பூட்டைத் திறக்கத் துணிந்தார் ஹீராஸ். திராவிட மொழியே திறவுகோல் என்றார்.

அவர் கண்ட வழி எளியது. மாலைப் பொழுதைப் படமாக வரைய முடியாது, பூமாலையை வரையலாம். ஒலி ஒன்றே என்பதால் படிப்பவன் புரிந்துகொள்வான். அதுபோல, முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் உருவம் தண்ணீரில் நீந்தும் மீன் அல்ல, வானத்து மீன் என்றார். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தானே! பின்னாளில் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா அந்த வழியிலே நடந்தார். ஆறு கோடுகளோடு மீன் வந்தால் அறுமீன், ஏழு கோடுகளோடு வந்தால் எழுமீன் என விளக்கினார். எழுமீன் என்பதும் சங்கச் சொல்லே.

ஆனால் தோழர்களே, கதையின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஹீராஸ் மீனோடு நிற்கவில்லை. கிடைத்த முத்திரைகளையெல்லாம் வாக்கியம் வாக்கியமாகப் படித்துக் காட்டினார்; 1953இல் பெருநூலாக வெளியிட்டார். அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஒரு குறிக்கு அவர் தந்த பொருள் சரியா என்று சோதிக்க உரைகல் இல்லை. 1955 டிசம்பர் 14இல் பம்பாயில் மறைந்தார். 1981இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவருடைய வாசிப்புகள் உதிர்ந்தன. மீன் மட்டும் நின்றது. அதுவும் கருதுகோளாக நிற்கிறதே தவிர, முடிந்த முடிபாக அல்ல.

எகிப்து எழுத்தை 1822இல் சம்போலியன் படித்தார்; அவருக்கு ஒரே செய்தியைத் தெரிந்த கிரேக்கத்திலும் தாங்கிய கல் கிடைத்தது. சிந்துவெளிக்கு அப்படி ஒரு கல் இல்லை. குறிகளோ ஏறத்தாழ 400. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தே குறிகள். இது எழுத்தே அல்ல என்று வாதிடுவோரும் உண்டு.

2025 சனவரி 5இல் சென்னையில், இப்புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். யார் வேண்டுமானாலும் களம் இறங்கலாம் என்ற அறைகூவல் அது. ஆலைத் தொழிலாளியும் ஆசைப்படலாம், தவறில்லை. ஆனால் அளவுகோல் வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூல், உடைந்த முத்திரை ஒன்றில் குதிரையைக் காட்டி, எழுத்தைப் படித்துவிட்டதாக முழங்கியது. அது குதிரை அல்ல, உடைந்துபோன ஒற்றைக் கொம்புக் காளை என்று ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். அந்தப் புரட்டைக் கண்டு நகைத்தோமே, அதே தராசில் நம் ஆசையையும் வைத்து நிறுக்க வேண்டாமா?

சிந்துவெளி தமிழர் சொத்து என்று மேடையில் முழங்குவது எளிது. கைதட்டல் கிடைக்கும், சான்று கிடைக்காது. தமிழ்ப் பற்று மிகுந்தோர் செய்யவேண்டியது, மாற்றான் வந்து சோதித்தாலும் அசையாத சான்றைத் தேடுவதே. பாதிரியார் முப்பதாண்டு உழைத்தார். விட்டுச் சென்றதோ ஒரே ஒரு மீன். அந்த ஒன்று உண்மையாகி நிலைக்குமானால், உதிர்ந்த ஆயிரத்தைவிடத் தமிழுக்கு அதுவே பெருமை!