ஆந்தைக்கு ஒரு கண் கொடுத்தவர்

பறவைப் படம் ஒன்றைக் கையில் எடுத்தால் நம் பார்வை முதலில் எதை நாடுகிறது? இறகின் வண்ணத்தையன்று, கண்ணையே நாடுகிறது. அக்கண்ணில் சிறு ஒளிப்புள்ளி மின்னினால் பறவை உயிரோடு நம்மை நோக்குகிறது. அஃது இல்லையேல், அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்த பறவைபோல் தோன்றுகிறது. இதை எண்ணும்போது எரிக் ஹோஸ்கிங் என்னும் ஆங்கிலேயர் நம் நினைவுக்கு வருகிறார்.

1909 ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த அவர், பறவைகளைப் படம் எடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். அந்நாளில் அத்தொழிலை நம்பி வாழ்ந்தவர் மிகச் சிலரே.

1937 இல் வேல்ஸ் நாட்டில், பழுப்பு ஆந்தையின் கூட்டருகே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தார். ஓரிரவு இருளில் அம்மறைவிடத்திற்குச் சென்றபோது ஆந்தை ஓசையின்றிப் பாய்ந்தது. அதன் கூரிய நகம் அவருடைய இடக்கண்ணைக் கிழித்தது. புண்ணில் சீழ் பிடித்தது. அக்கண்ணை அகற்றாவிடில் மற்றக் கண்ணும் பறிபோகலாம் என்ற நிலை. அப்போது அவருக்கு வயது 27. ஒரு கண்ணை இழக்க இசைந்து மறு கண்ணைக் காத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் காமிராவைத் தூக்கி எறிந்திருந்தால் யார் குறை கூறியிருப்பார்? அவரோ மீண்டும் ஆந்தைகளையே தேடிச் சென்றார்!

ஆந்தையின் கண் படம் எடுப்பவருக்குப் பெரும் சோதனை. பழுப்பு ஆந்தைக்கும் கூகைக்கும் விழிகள் கருமையானவை. ஒளிப்புள்ளி விழாவிட்டால் படத்தில் இரண்டு கரிய பொத்தல்களே தெரியும். விளக்கை லென்சை ஒட்டி வைத்தால் விழியின் உட்புறம் எதிரொளித்து, கண் தணல்போல் கனலும். சற்று விலக்கி வைத்தால் இயல்பான மினுக்கம் கிட்டும். அச்சிட்ட பின் தூரிகையால் புள்ளி இடுவோரும் உண்டு. ஆயினும் தானாக விழுந்த ஒளிக்கு அது ஈடாகுமா?

பறவைகளைப் படம் எடுக்க மின்னணு ஒளிவிளக்கைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஹோஸ்கிங்கும் ஒருவர். 1948 இல், அலகில் எலியைக் கவ்வி இறக்கை உயர்த்திய கூகையை அவர் எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. 1970 இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, பறவையைக் காணும் கண் என்றும், பறவைக்கு ஈந்த கண் என்றும் இருபொருள்படத் தலைப்பிட்டார். தமக்கு நேர்ந்த துன்பத்தையே நகைச்சுவையாக்கிய உள்ளம் அது! 1991 இல் அவர் மறைந்தார்.

இழந்ததை எண்ணிக் கசந்திருந்தால், எஞ்சிய கண்ணும் அவருக்குப் பயன்பட்டிராது. இனி ஆந்தையின் படத்தைக் காணும்போது அதன் விழியில் மின்னும் ஒளியைத் தேடுவோம். அதைப் பகையின்றி நோக்கிய அந்த ஒற்றைக் கண்ணையும் நினைவிற் கொள்வோம்.