மூட்டுவலியும் மருத்துவர் ஹென்ச்சும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்.ஸி., விலங்கியல்)

முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்தோரை எழுந்து நடக்கவைத்த மருத்துவர் பிலிப் ஷோவால்டர் ஹென்ச். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1896 பிப்ரவரி 28 அன்று பிறந்தார். அண்ணப்பிளவு காரணமாக அவருடைய பேச்சு தெளிவாக இராது. 1920-ல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே மேயோ மருத்துவமனையில் சேர்ந்தார். 1926-ல் அங்கு வாதநோய்ப் பிரிவின் தலைவரானார்.

1929 ஏப்ரலில் 65 வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். அவரும் ஒரு மருத்துவரே. மஞ்சள் காமாலை கண்டதும் தம் மூட்டுவலி மறைந்துவிட்டதாக அவர் சொன்னார். வேறொருவராயின் சிரித்துவிட்டிருப்பார், ஹென்ச் குறித்துக்கொண்டார். கருவுற்ற பெண்களுக்கும் முடக்குவாதம் தணிவதைப் பின்னர் கண்டார். காமாலை ஆண்களுக்கும் வரும், கருப்பை பெண்களுக்கே உண்டு. ஆகவே இரு பாலாருக்கும் பொதுவான ஏதோ ஒரு பொருள் உடலிலேயே சுரந்து வலியைத் தணிக்கிறது என்று கருதி, அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அப்பொருளைத் தேடி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன!

அதே மருத்துவமனையில் எட்வர்டு கெண்டால் என்னும் வேதியியலார் அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் 'ஈ' என்பதைச் சோதிக்கலாம் என 1941-ல் இருவரும் எண்ணினர். ஆனால் கையில் பொருள் இல்லை. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தநீரிலிருந்து அதனை மிக நீண்ட வேதிவழியில் உருவாக்கிய பின்னரே வழி பிறந்தது. 1948 செப்டம்பர் 21 அன்று 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போடப்பட்டது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். படுக்கையில் புரளவும் இயலாதிருந்த அப்பெண் ஒரு வாரத்தில் கடைவீதிக்குச் சென்று வந்தார். அதுவே கார்டிசோன்.

நம் உடலில் இதன் உடன்பிறப்பான கார்டிசால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 மில்லிகிராமே சுரக்கிறது. அது செல்லுக்குள் புகுந்து ஓர் ஏற்பியோடு இணைந்து, உட்கருவை அடைந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களை ஆக்கும் மரபணுக்களை அடக்குகிறது. நள்ளிரவில் அதன் அளவு மிகக் குறைவு, விடியலில் மிகுதி. இரவில் ஓங்கும் அழற்சிக்கு ஈடாக அது அமையாதபோது, விடிந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன.

இவ்விறைப்பை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். புதுக்கடைப் பக்கம் அண்டி ஆபீஸ் என்போமே, அந்த முந்திரி ஆலையில் பருப்பு உரிப்பவர் என் அம்மா. விரல் கணுக்கள் வீங்கியபோது யாரோ சொல்லக் கேட்டு, பெயரில்லாத பொட்டல மாத்திரைகளை வாங்கி விழுங்கினார். இரண்டே நாளில் கிணற்றில் நீர் இறைத்தார்! சில மாதங்களில் முகம் நிலவுபோல் உருண்டது, சர்க்கரையும் ஏறியது. பயந்து ஒரேயடியாக நிறுத்தினார், மயங்கி விழுந்தார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டேயிருந்தால் பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திவிடும், அட்ரினல் புறணி சுருங்கிவிடும் என்பதை உடலியங்கியல் வகுப்பில்தான் அறிந்தேன். அம்மாவுக்கு மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே மருந்தை நிறுத்தினார்.

இவ்வாபத்தை ஹென்ச் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பியதையும், உடல் உப்பியதையும் மறைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பு நோயைத் தீர்ப்பதன்று, அடக்குவதே என்பதில் உறுதியாக நின்றார். செய்தித்தாள்கள்தாம் அதனை அற்புதம் என்றன. 1950-ல், முதல் ஊசி போட்ட இரண்டே ஆண்டுகளில், அவருக்கும் கெண்டாலுக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1957-ல் ஓய்வு பெற்றார். மஞ்சள் காய்ச்சலை வென்ற கியூபா ஆராய்ச்சியின் வரலாற்றில் அவருக்குத் தீராத பற்று. அது பற்றிய கடிதங்களையும் ஆவணங்களையும் பல ஆண்டுகள் தேடித் திரட்டினார். 1965 மார்ச் 30 அன்று, விடுமுறைக்குச் சென்றிருந்த ஜமைக்கா தீவில் காலமானார்.