வைட்டின் செடிகளும் இரங்கையாவின் வண்ணங்களும்

(மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

கோடை விடுமுறையில் கொடைக்கானல் செல்வோர் ஏரியைச் சுற்றி வருவர். பிரையண்டு பூங்காவில் படம் எடுத்துக் கொள்வர். தூண் பாறையைப் பனி மூடியிருந்தால் வருந்தித் திரும்புவர். கொடைக்கானல் என்றொரு நகரமே இல்லாத காலத்தில், 1836ஆம் ஆண்டில், அம்மலைமீது ஏறிச் செடிகொடிகளைத் தேடிய ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர்தாம் டாக்டர் இராபர்ட் வைட். தாவரவியல் பயிலும் எங்களுக்கு அவர் பெயர் புதிதன்று. வைட்டி, வைட்டியானா என்று முடியும் பெயர்களைத் தேர்வுக்கு முதல்நாள் இரவு உருப்போட்டுச் சலித்தவர்கள் நாங்கள். சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பயன்படும் குக்குலுப் பிசினைத் தரும் மரத்துக்கும் காமிபோரா வைட்டி என்றே பெயர்.

ஆயினும் அவர் கண்டறிந்த செடிகளின் பட்டியலை இங்கே தரப்போவதில்லை. அவருடைய நூல்களில் உள்ள படங்கள் எவ்வாறு உருவாயின, ஒரு தாளின்மீது யார் யார் கை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது என்பதே என் நோக்கம். கணிப்பொறித் திரையில் அவருடைய நூலின் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படத்தின் அடியில் சிறிய எழுத்துகளில் இரங்கையா என்றொரு பெயரைக் கண்டேன். அன்றிலிருந்து வைட்டை விட அந்தப் பெயரே என்னைத் தொடர்ந்து வருகிறது.

வைட் 1796ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் மருத்துவம் என்பது பாதி தாவரவியல்தான். மருந்துக்குரிய செடி எது, நச்சுச் செடி எது என்று அறியாதவர் மருத்துவராக இருக்க முடியாது. படையினருக்கு மருத்துவம் பார்த்த நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் செடி சேகரிப்பதில் கழிந்தது. 1826இல் சென்னை அரசாங்கம் அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. ஆனால் 1828இல் கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவது ஆராய்ச்சியே என்பது அன்றும் வழக்கமாக இருந்திருக்கிறது!

வைட் நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக மாற்றப்பட்டார். பதவி போயிற்றே என்று அவர் ஓயவில்லை. தம் சொந்தச் செலவில் செடி சேகரிப்போரையும் ஓவியரையும் வைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். அந்த ஓவியர்தாம் இரங்கையா. அவர் வரைந்த படங்களை வைட் கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்ப, ஹூக்கர் அவற்றைத் தம் தாவரவியல் இதழில் வெளியிட்டார். காவிரிக் கழிமுகத்தில் தரையில் அமர்ந்து ஒருவர் தீட்டிய படம் கடல் கடந்து அச்சேறியது அப்படித்தான்.

அக்காலத்துச் சோழநாடு ஓவியத்துக்குப் பேர்போன இடம். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தவர். தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஓவியக் குடும்பங்கள் அங்கே பல இருந்தன. இரங்கையாவும் தெலுங்கு மரபினர் என்பதைப் பெயரே காட்டுகிறது. வைட்டின் பிறந்தநாள், மணநாள், இறந்தநாள் எல்லாம் ஏடுகளில் உள்ளன. இரங்கையா பிறந்த ஆண்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் வரலாறு முழுவதும் அவர் தீட்டிய வண்ணங்களுக்குள்தான் இருக்கிறது. ஆகவே அந்த வண்ணத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம்.

எந்த ஓவியமும் ஒரே பூச்சில் முடிவதில்லை. சித்தன்னவாசல் குகையில் முதலில் கரடான சாந்து, அதன்மேல் நயமான சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல்தான் வண்ணம். தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, நகைகளைப் புடைப்பாக எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டிய பிறகே வண்ணம் தீட்டுவர். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேற்பூச்சு முதலில் காய்ந்து வெடித்துவிடும். நீர் வண்ணத்தில் இருவகை உண்டு. ஒன்று, அடியில் உள்ள தாள் தெரியும்படி மெல்லியதாகப் பூசுவது. அதில் தாளின் வெண்மையே வெளிச்சம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போகவேண்டுமே தவிரத் திரும்பி வர வழியில்லை. மற்றொன்று, வெள்ளை கலந்து தடிப்பாகப் பூசுவது. இதில் அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர் நிறத்தை வைக்கலாம். நம் நாட்டு ஓவியர் கைவந்த முறை இந்த இரண்டாவதே.

செடிப்படத்துக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதைச் செய்து பார்த்தால் விளங்கும். சென்ற ஆண்டு எங்கள் துறையினர் பழனி மலைக்குக் களப்பயணம் சென்றபோது, சோலையின் ஓரத்தில் நின்ற காட்டுப்பூவரசின் கிளையொன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். செந்நிறப் பூக்கொத்தை உடைய மரம் அது. இலையின் மேற்புறம் கரும்பச்சை. அடிப்புறத்தில் நுண்மயிர் படர்ந்திருக்கும். திரும்பி வந்து அந்த இலையை வரைந்தேன். பென்சில் கோட்டின்மேல் மஞ்சள் கலந்த இளம்பச்சை. காய்ந்தபின் நடுத்தரப் பச்சை. நரம்பை அடுத்த இடங்களில் மட்டும் நீலம் கலந்த கரும்பச்சை. கடைசியில் மெல்லிய தூரிகையால் வெளிர் நரம்புகள். நான்கு பூச்சு முடிந்தும் இலை சற்று மந்தமாகவே தெரிந்தது. கருவேலம் பிசினை இரவு முழுதும் நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, நிழல் விழும் பகுதியில் மெல்லத் தடவினேன். பச்சை ஆழ்ந்தது, இலையில் பளபளப்பு வந்தது. இரங்கையாவின் படங்களில் கரும்பச்சை இலைகள் மின்னுவதற்கும் இத்தகைய பிசின் பூச்சே காரணமாக இருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

இனி வைட்டின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1831இல் அவர் விடுப்பில் தாயகம் சென்றபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்செடிகளை உடன் கொண்டு சென்றார். எடை 2 டன் என்பர். ஆர்னட் என்ற அறிஞருடன் சேர்ந்து 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். அது செடிகளை முறைப்படுத்தி எழுதிய நூல், அதில் படமில்லை. சொல் மட்டும் போதாது, படம் வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர் மீண்டும் இந்தியா வந்தார் என்று நான் கருதுகிறேன். வந்ததும் பல்லாரியிலிருந்து பாளையங்கோட்டை வரை படையோடு நடந்தார். நடந்த வழியெல்லாம் செடி சேகரித்தார்.

1836 செப்டம்பரில் பழனி மலை ஏறினார். அதற்கு முன் 1821இல் வார்டு என்ற அதிகாரி இம்மலையை நில அளவை செய்திருந்தார். 1834இல் செண்பகனூர் அருகே ஆங்கில அதிகாரிகள் சிறு பங்களா ஒன்று கட்டியிருந்தனர். அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வீடு கட்டிக் கொடைக்கானலுக்குக் கால்கோள் இட்டது 1845இல்தான். வைட் ஏறிய காலத்தில் மேலே புல்வெளியும் சோலையும் சில மலைக்கிராமங்களுமே இருந்தன. அடிவாரத்தில் முட்புதர், இடைவெளியில் இலையுதிர் காடு, உச்சியில் குளிர்ந்த சோலை என்று ஏற ஏறச் செடியினம் மாறிக்கொண்டே போகும் மலை இது. ஓர் ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு எத்தகைய விருந்தாக இருந்திருக்கும்! தாம் கண்டவற்றை 1837இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் கட்டுரையாக எழுதினார். அதில் இம்மலைக்கு வராககிரி என்ற நம்மவர் வழக்கையே முதலில் வைத்தார்; பெரியகுளம் வழியே ஓடும் வராகநதியின் பெயரிலும் அது இன்றளவும் இருக்கிறது. பின்னர் வெளிவந்த அவருடைய படநூலில் புல்னி மலைகள் என்று இடம் குறித்த செடிகள் பல உண்டு.

அந்தப் படநூலின் பெயர் ஐகோன்ஸ். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; மொத்தம் 2101 படங்கள். இவ்வளவு படங்களையும் அவர் சென்னையிலேயே கல்லச்சில் அச்சிட்டார். கல்லச்சு முறையை செனபெல்டர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது 1796இல். வைட் பிறந்ததும் அதே ஆண்டு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையால் வரைவர். அதன்மேல் கருவேலம் பிசினை ஒத்த பிசினையும் சிறிது நைட்ரிக் அமிலத்தையும் கலந்து தடவுவர். வரையாத இடத்தில் பிசின் படிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் நீரைத் தள்ளி அச்சுமையை மட்டும் ஏற்கும். வண்ணத்தைத் தாளில் ஒட்டவைப்பது பிசின். இலைக்குப் பளபளப்புத் தருவது பிசின். கல்லில் மை படராமல் காப்பதும் பிசின். கருவேல மரத்தடியில் ஆடு மேய்ப்பவர் உருட்டி வாய்க்குள் போட்டுக்கொள்ளும் பொருள் ஒரு பெருநூலையே தாங்கி நின்றிருக்கிறது!

ஆனால் கல்லிலிருந்து தாளுக்கு வருவது கருப்புக் கோடுகள் மட்டுமே. வண்ணம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரதிக்கும் ஆள் வைத்துக் கையால் தீட்ட வேண்டும். வைட் வெளியிட்ட வேறு இரு நூல்களில், அதாவது இந்தியத் தாவரவியல் விளக்க நூலிலும் நீலகிரிச் செடிகளைப் பற்றிய நூலிலும், அப்படித்தான் செய்தனர். ஐகோன்ஸ் நூலுக்கு அது கட்டுப்படியாகாது. மாணவரும் வாங்கத்தக்க விலையில் நூல் இருக்க வேண்டும் என்பதால் வண்ணமின்றியே வெளிவந்தது. அறிவியலுக்கு அதனால் இழப்பில்லை. பூவின் பகுதிகளைப் பிரித்துப் பெரிதாக்கிக் காட்டும் கோடுகளே இனம் காணப் போதும். ஆனால் பூச்சின்மேல் பூச்சாக இரங்கையா எழுப்பிய பச்சையும் செம்மையும் ஐகோன்ஸ் வாசகர் எவர் கண்ணிலும் படவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

இதற்காக வைட்டைக் குறை கூறுவது நேர்மையாகாது. அவருக்கு முன்பு வங்காளத்தில் பணியாற்றிய ராக்ஸ்பரோ 2500க்கும் மேற்பட்ட செடிப்படங்களை வரையச் செய்தார். அந்த ஓவியர்கள் யார் என்று அப்படங்களில் குறிப்பில்லை. வைட்டோ படத்தின் அடியில் வரைந்தவர் இரங்கையா, கல்லில் ஏற்றியவர் டம்பி என்று பெயர் பொறித்தார். 1840களில் இரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து என்ற ஓவியர் வந்தார். அவர் பெயரும் அவ்வாறே இடம்பெற்றது. பிற்காலத்தில் காட்டிலாகா அதிகாரி பெடோம் வெளியிட்ட நூல்களுக்கும் இந்தக் கோவிந்துவே வரைந்தார்.

வைட்டின் கடைசிப் பத்தாண்டு இந்தியப் பணி கோயம்புத்தூரில் கழிந்தது. அமெரிக்கப் பருத்தியை நம் மண்ணில் விளைவிக்கும் அரசுச் சோதனைக்கு அவர் பொறுப்பாளர். அதில் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. பகலில் பருத்தி, மற்ற நேரத்தில் படநூல் என்று உழைத்து, 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அங்கே தாவரவியலில் பெரிதாக எதையும் எழுதவில்லை. 1872 மே 26இல் மறைந்தார். 1200க்கும் மேற்பட்ட புதிய இனங்களை விவரித்தவர் என்று அவரைக் கணக்கிடுகின்றனர்.

மூல ஓவியங்களில் 700க்கும் மேற்பட்டவை எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் பாதுகாப்பாக உள்ளன. நெடுங்காலம் கட்டுக்குள் கிடந்த அவற்றை ஹென்றி நோல்ட்டி என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் மூன்று தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தார். வெயில் படாமல் கிடந்ததால் வண்ணம் மங்கவில்லை.

இறுதியாகப் பெயர் பற்றி ஒரு செய்தி. 1853இல் வைட் ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குத் தம் ஓவியர் நினைவாகக் கோவிந்தூயா என்று பெயர் சூட்டினார். பிற்கால அறிஞர் அதை டிரோபிடியா என்னும் பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. இரங்கையாவுக்கு 1832இலேயே நீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ருங்கியா என்னும் பேரினப் பெயரைத் தந்திருந்தார். அதில் ஒன்றான ருங்கியா ரெப்பன்ஸ் நமக்குப் பழக்கமான செடிதான். தமிழில் கோடகசாலை என்பர். ஆடாதொடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறு பூவுடன் வயல்வரப்பிலும் ஈரமான பாதையோரத்திலும் தரையோடு படர்ந்திருக்கும். அதைக் காண மலை ஏற வேண்டியதில்லை.